மூன்றாம் பேனலுக்கு இருபதாவது கோட்

குடிநீர் வாரியத்தில் தண்ணீர் விடாத நாள் உண்டு. பெயின்ட் அடிக்காத வருடம் கிடையாது.

நகரத்தின் தாகம் தீர்க்கும் அந்தப் பம்ப் ஹவுஸில் பன்னிரண்டு பேனல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல், இரும்பு பீரோ மாதிரி. உள்ளே பெரிய மோட்டார்களுக்குப் போகும் உயர் அழுத்த மின்சாரம். வெளியே இளம்பச்சைப் பெயின்ட். வருடத்துக்கு ஒரு முறை, தேவையோ இல்லையோ, உள்ளும் புறமும் ஒரு கோட் அடித்துவிடுவார்கள். பத்தொன்பது வயதான பேனலுக்குப் பத்தொன்பது கோட். இப்போதெல்லாம் கதவைச் சாத்தினால் இரும்புச் சத்தமே வருவதில்லை. மெத்தை விழுந்த மாதிரி 'பொத்' என்கிறது. அதையும் தரத்தின் அடையாளம் என்று வாரியம் ஆண்டறிக்கையில் எழுதிக்கொண்டது.

டெம்பரவரி வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. ஊரில் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டில் 'தற்காலிகப் பணியாளர்' என்று அச்சடித்திருந்த கட்டத்தில் அதற்குமேல் பெயர் எழுத இடம் போதவில்லை; அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது. வாசல் காவலாளி முதல் பெரிய இன்ஜினியர் வரை எல்லாருக்கும் அவன் டெம்பரவரிதான். ஊரிலிருந்து அக்கா போனில் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது மட்டும், இவள் யாரைக் கூப்பிடுகிறாள் என்று ஒரு நொடி திகைத்துவிட்டுத்தான் 'ம்' என்பான்.

அவனுடைய ஒப்பந்தம் பதினோரு மாதம். இன்னும் ஒரு மாதம் பாக்கி. புதுப்பித்தால் இருக்கலாம், புதுப்பிக்காவிட்டால் முப்பது நாளில் பெட்டி கட்டிக்கொண்டு நாட்டை விட்டே கிளம்ப வேண்டும். புதுப்பிக்க வாரியம் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தது. மூன்றாம் பேனலின் கன்ட்ரோலர் தொடர்ந்து ஏழு நாள் தப்புப் பண்ணாமல் ஓட வேண்டும்.

கன்ட்ரோலர் என்பது டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. மேட்டுத் தெருவின் தொட்டி நிரம்பிவிட்டதா என்று ஒரு மெல்லிய ஒயர் வழியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு மோட்டாரை ஓட விடுவதும் நிறுத்துவதும் அதன் வேலை. ஆனால் பெரிய மோட்டார் கிளம்பும் ஒவ்வொரு முறையும், அந்த உயர் அழுத்த ஒயர்களிலிருந்து வேண்டாத மின் இரைச்சல் பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றிலும் தொற்றிக்கொண்டது. அந்தக் கலவரத்தில் கன்ட்ரோலருக்குத் தலை சுற்றி, தொட்டி நிரம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மோட்டாரை நிறுத்திவிடும். தொட்டியில் ஒரு சொட்டு இருக்காது. மேட்டுத் தெருவில்தான் டெம்பரவரியின் அறையும் இருந்தது, ஆறாவது மாடியில்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவனுக்கு அரை நாள்தான் ஆனது. கன்ட்ரோலரின் நான்கு கால்களும் பேனலின் இரும்புத் தகட்டோடு ஒட்டியிருக்க வேண்டும்; அப்போதுதான் இரைச்சல் தகடு வழியாகப் பூமிக்கு இறங்கும். மற்றப் பேனல்களில் பெயின்ட் ஏறுவதற்கு முன்பே கன்ட்ரோலரை மாட்டியிருந்தார்கள். இங்கேயோ பின்னால் மாட்டிய கன்ட்ரோலர் பத்தொன்பது கோட் பெயின்ட்மேல் மெத்தை போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தது. போதாததற்கு அந்த மெல்லிய ஒயரையும், கை தடிமனான மோட்டார் ஒயர்களையும் சேர்த்து நாலு விரலுக்கு ஒரு முடிச்சாக, பூச்சரம் மாதிரி ஒரே கட்டாகக் கட்டியிருந்தார்கள். அழகான பேனலுக்கு வாரியம் வருடாவருடம் கேடயம் கொடுக்கும்.

அவன் பரப்புப் பாதுகாப்பு அதிகாரியின் மேஜை முன் போய் நின்றான். வாரியத்தின் பரப்புகள் எல்லாம் இவர் பொறுப்பு.

"சார், நாலே நாலு இடம். சட்டை பட்டன் அளவு. அந்த இடத்துல மட்டும் பெயின்ட்டைச் சுரண்டிட்டு மாட்டினா போதும் சார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "சுரண்டணுமா?"

"ஆமா சார்."

"உங்க அம்மா முகத்தைச் சுரண்டுவீங்களா?"

"சார், இது பேனல்..."

"வாரியத்தோட முகம், தம்பி."

"உள்பக்கம்தான் சார். கன்ட்ரோலருக்கு அடியில. யார் கண்ணுக்கும் தெரியாது."

அதிகாரி ஒரு நிமிடம் யோசித்தார். "அப்போ உள்முகம்," என்றார்.

விண்ணப்பப் படிவம் கேட்டான். பெயின்ட் அடிக்க விண்ணப்பம் இருந்தது. எடுக்க விண்ணப்பம் இல்லை. எழுபது வருடத்தில் யாரும் எடுக்கச் சொல்லிக் கேட்டதில்லையாம். இரண்டு நாள் நடையாய் நடந்த பிறகு, அடிக்கிற படிவத்திலேயே 'அளவு' என்ற கட்டத்தில் 'கழித்தல் நான்கு பட்டன்' என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தான். கழித்தல் குறி போட்ட விண்ணப்பம் வாரிய வரலாற்றிலேயே முதல்முறை என்பதால் அதை விசாரிக்க ஐந்து பேர் குழு அமைந்தது.

குழு மூன்றாம் பேனல் முன் கூடியது. ஒருவர் பூதக்கண்ணாடி கொண்டுவந்தார். ஒருவர் பெயின்ட்டை விரலால் அழுத்திப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரையும் அழுத்திப் பார்க்கச் சொன்னார். தலைவரான பெரிய இன்ஜினியர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி, முப்பது வருஷ சர்வீஸ் எனக்கு. தண்ணி வரலைன்னா ஜனங்க நாலு நாள் திட்டுவாங்க, அஞ்சாம் நாள் பழகிடும். பெயின்ட் உரிஞ்சிருந்தா இன்ஸ்பெக்ஷன்காரனுக்குப் பழகவே பழகாது. தண்ணி விட்டதுக்காக இதுவரைக்கும் ஒருத்தன் எனக்குக் கை கொடுத்தது கிடையாது. பெயின்ட்டுக்கு மூணு கேடயம் வாங்கியிருக்கேன். எது முக்கியம்னு நீங்களே சொல்லுங்க."

டெம்பரவரி ஒயர்க் கட்டைக் காட்டினான். "அந்தச் சின்ன ஒயரையாவது தனியா பிரிச்சுக்கறேன் சார். மோட்டார் ஒயரோட சேர்ந்து போறதாலதான்..."

"பிரிக்கணுமா?" என்று பரப்பு அதிகாரி நெஞ்சில் கை வைத்தார். "பெரிசும் சின்னதும் ஒண்ணா, கூட்டுக் குடும்பமா போயிட்டிருக்கு. வெளியூர்லேர்ந்து வந்து குடும்பத்தைப் பிரிக்கணும்ங்கறாரு பாருங்க."

"அப்போ கன்ட்ரோலர் எப்படி சார் சரியா ஓடும்?"

"இப்படி வாங்க," என்றார் பெரிய இன்ஜினியர் அன்பாக. "அது எப்போ தப்புப் பண்ணுது?"

"மோட்டார் கிளம்பும்போது சார்."

"அப்போ கிளப்பாதீங்க."

குழுவே தலையாட்டியது. டெம்பரவரி மட்டும் ஆட்டவில்லை. "அதுல என்ன சார் அர்த்தம்?"

"அர்த்தம் கேக்கறதெல்லாம் பெர்மனென்ட் ஆனவங்க, தம்பி. ஏழு நாள் கழிச்சு வாங்க, நானே கையெழுத்துப் போடறேன்."

கழித்தல் நான்கு பட்டன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஏழு நாள் சோதனை ஆரம்பித்தது.

சோதனை அமோகமாக நடந்தது. மோட்டார் கிளம்பவில்லை, கன்ட்ரோலர் தப்புப் பண்ணவில்லை. முதல் நாள் அறிக்கை: பிழை இல்லை. இரண்டாம் நாள் அறிக்கை: பிழை இல்லை. மூன்றாம் நாள் பெரிய இன்ஜினியர் தாளில் பச்சை மையால் 'சபாஷ்' என்று எழுதி அனுப்பினார்.

பம்ப் ஹவுஸில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் ஆபரேட்டரம்மா அதை எட்டிப் பார்த்தாள். பேனல்களின் சாவிக்கொத்து அவளிடம்தான் இருந்தது.

"கல்யாணமே ஆகாதவன், பொண்டாட்டிகூட ஒரு நாளும் சண்டை போட்டதில்லைன்னு சொல்லிக்கிற மாதிரி இருக்கு தம்பி உன் அறிக்கை."

"எனக்கு என்னம்மா வழி? கையெழுத்து வேணுமே."

"நான் ஒண்ணும் சொல்லலை. நானும் மூணு நாளா ஸ்விட்ச்சைத் துடைச்சு வச்சுட்டுத்தான் போறேன்."

நான்காம் நாள் சாயங்காலம் அவன் படியேறும்போது ஐந்தாவது மாடியில் எதிர்வீட்டு அம்மா இரண்டு பெரிய கேன்களோடு மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே தெருமுனை வரை போய்ப் பிடித்து வந்த தண்ணீர். பத்து மாதமாக எதிரெதிர்க் கதவு. இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. யாராவது பேசினால் என்ன சொல்வது, எப்படிச் சிரிப்பது என்றெல்லாம் அவன் முதல் மாதத்தில் கண்ணாடி முன் பழகி வைத்திருந்தான். அப்புறம் மறந்துவிட்டான்.

"தம்பி, நீங்க தண்ணி வாரியத்துலயா வேலை பாக்கறீங்க?"

"இல்லைங்க. பெயின்ட் கம்பெனி."

"அதான் பாத்தேன், சட்டையெல்லாம் பச்சை. அந்த வாரியத்துக்காரன் ஒருத்தன் கையில கிடைக்கணும், அப்போ இருக்கு." அவள் சட்டென்று குரலை இறக்கினாள். "உங்களுக்குக் குடிக்கத் தண்ணி இருக்கா?"

"இருக்குங்க."

"பொய் சொல்லாதீங்க. உதடெல்லாம் வெடிச்சிருக்கு. தனியா இருக்கற பிள்ளை, யார் பிடிச்சுத் தருவா உங்களுக்கு?" ஒரு பாட்டிலை எடுத்துக் கேனிலிருந்து நிரப்பி அவன் கையில் வைத்தாள். "கொதிக்க வச்சுக் குடிங்க."

அவன் இரண்டு கேன்களையும் தூக்கிக்கொண்டு போய் அவள் வாசலில் வைத்தான். தன் அறைக்குள் வந்து, பாட்டிலை மேஜைமேல் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இந்த ஊரில் ஒருவர் அவனுக்குக் கொடுத்த முதல் பொருள் அது. அதையும் பொய் சொல்லி வாங்கியிருந்தான்.

ஐந்தாம் நாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் ஆபரேட்டரம்மாவிடம் சாவி கேட்டான். அவள் ஏன் என்று கேட்கவில்லை. மூன்றாம் பேனலுக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தி, பூட்டுப் போட்டு, 'ஆள் வேலையில்' என்ற அட்டையைத் தொங்கவிட்டாள். அவன் டெஸ்டரை வைத்து ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபார்த்தான். "நான் சாப்பிடறேன். எனக்குச் சாப்பிடும்போது எந்தப் பக்கமும் பாக்கற பழக்கமில்லை," என்று சொல்லிவிட்டு அவள் பேனலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

கன்ட்ரோலரைக் கழற்றினான். கத்தி முனையால் சுரண்டச் சுரண்டப் பச்சைக்கு அடியில் பச்சை, அதற்கடியில் கொஞ்சம் வேறு பச்சை, நடுவில் எந்தத் தலைவருக்கோ பிடித்த ஒரு நீலம், மறுபடி பச்சை என்று வாரியத்தின் சரித்திரமே சுருள் சுருளாக உதிர்ந்தது. கடைசியில் இரும்பு தெரிந்தது. பத்தொன்பது வருடமாக யாரும் பார்க்காத இரும்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். பளிச்சென்று அவன் விரலின் பிம்பம் அதில் தெரிந்தது. நான்கு இடத்திலும் பல் வைத்த வாஷர் போட்டுக் கன்ட்ரோலரை இறுக்கினான். மெல்லிய ஒயரைக் கட்டிலிருந்து உருவி, தகட்டுக்குப் பின்பக்கமாகத் தனியே கொண்டுபோய், அதன்மேல் சுற்றியிருந்த உலோக வலையைக் கன்ட்ரோலர் பக்கம் எர்த்தில் சேர்த்தான். கட்டு ஒல்லியாகத் தெரிந்தால் பரப்பு அதிகாரி கேட்பாரே. அதனால் எங்கேயும் போகாத ஒரு வெறும் ஒயர்த் துண்டைக் கட்டுக்குள் செருகி, நாலு விரலுக்கு ஒரு முடிச்சு போட்டுவைத்தான். கூட்டுக் குடும்பம் குறையில்லாமல் இருந்தது.

ஆபரேட்டரம்மா வாயைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்விட்ச்சைப் போட்டாள். மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. கன்ட்ரோலரின் விளக்கு இமைக்கவில்லை. நிறுத்திப் போட்டாள், இமைக்கவில்லை. பத்து முறை போட்டாள்.

"ஓடுது தம்பி."

"ஓடுதும்மா."

அவள் பதிவேட்டை எடுத்து மோட்டார் போட்ட நேரத்தை எழுதினாள்.

அன்று சாயங்காலம் அவன் அறைச் சுவருக்குள் குழாய்கள் இருமின. பிறகு மேலே, கீழே, எதிரே, எல்லாக் கதவுகளுக்குப் பின்னாலும் பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம். யாரோ கைதட்டினார்கள். ஒரு குழந்தையை அதட்டிக் குளிக்க இழுத்துப் போனார்கள். டெம்பரவரி தன் குழாயைத் திறக்காமல் சுவரில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அக்காவைக் கூப்பிட்டான். அங்கே அவள் தூங்கும் நேரம், எடுக்கவில்லை.

எட்டாம் நாள் குழு கூடியது. பெரிய இன்ஜினியர் முன்னால் அவனுடைய ஒப்பந்தத் தாள் இருந்தது. பேனா மூடியைத் திறந்தும் வைத்திருந்தார். ஆனால் பதிவேட்டில் ஐந்தாம் நாளிலிருந்து மோட்டார் ஓடியதாக எழுதியிருந்தது.

"யார் மோட்டாரைப் போட்டது?"

"நான்தான் சார்," என்றாள் ஆபரேட்டரம்மா. "மோட்டார் போடறதுக்குத்தானே சார் என்னை இருபத்திரண்டு வருஷமா வச்சிருக்கீங்க?"

குழு இதை எதிர்பார்க்கவில்லை. அவளுடைய பணி உத்தரவை வரவழைத்துப் படித்தார்கள். மோட்டார் போடுவது என்றுதான் இருந்தது.

"சரி, மோட்டார் ஓடியும் கன்ட்ரோலர் தப்புப் பண்ணலையே. எப்படி?"

பரப்புப் பாதுகாப்பு அதிகாரி மெதுவாக எழுந்தார். "நான் அன்னைக்கே சொன்னேன் சார். பத்தொன்பதாவது கோட் முழுசா காய இவ்வளவு நாள் ஆகியிருக்கு. இப்போதான் உள்ள இறங்கி வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு. பெயின்ட் கைவிடாது சார். இதே மாதிரி பன்னிரண்டு பேனல்லயும் கன்ட்ரோலரைக் கழட்டி, அடியிலயும் நல்லா கனமா ஒரு கோட் கொடுத்துட்டா, ஊருக்கே தண்ணிப் பஞ்சம் இல்லை."

மேஜை தட்டி வரவேற்றார்கள். பெரிய இன்ஜினியர் பேனாவை ஒப்பந்தத் தாளுக்குக் கொண்டுபோனார்.

டெம்பரவரி கணக்குப் போட்டான். வாயை மூடிக்கொண்டு நின்றால் பதினோரு மாதம். பேசினால் முப்பது நாள். அந்தப் பாட்டில் இன்னும் அவன் மேஜைமேல் இருந்தது. அடியில் ஒரு கோட் அடித்தால் மூன்றாம் பேனலோடு மற்றப் பதினொன்றும் தலை சுற்றி நிற்கும்; நகரத்தில் ஒரு தெரு பாக்கி இருக்காது.

"சார், பெயின்ட் இல்லை சார். நான்தான் சுரண்டினேன். நாலு இடத்துல. அதனாலதான் ஓடுது."

பேனா தாளைத் தொடாமல் நின்றது.

"எப்போ?"

"அஞ்சாம் நாள் மதியம் சார்."

பெரிய இன்ஜினியர் கோப்பைப் புரட்டினார். பரப்பு அதிகாரியும் எட்டிப் பார்த்தார். "தம்பி, உங்க விண்ணப்பத்தை நாங்க நிராகரிச்சுட்டோமே."

"ஆமா சார். ஆனாலும் சுரண்டினேன்."

"நிராகரிச்ச காரியம் எப்படி நடக்கும்? இந்த வாரியத்துல அனுமதிச்ச காரியமே நடக்கறதில்லை."

"கன்ட்ரோலரைக் கழட்டிப் பாருங்க சார், தெரியும்."

"கழட்ட அனுமதி வேணும். அதுவும் கழித்தல் கணக்குலதான் வரும்." பெரிய இன்ஜினியர் பெருமூச்சு விட்டார். "குடும்பத்தை விட்டு வந்த பசங்க, பாவம், தனியா இருந்து இருந்து இப்படித்தான் ஏதாவது செஞ்ச மாதிரி நினைச்சுக்குவாங்க. மினிட்ஸ்ல எழுதிக்கங்க: தற்காலிகப் பணியாளருக்குப் பெயின்ட்மேல் உள்ள ஈடுபாடு பாராட்டுக்குரியது."

கையெழுத்துப் போட்டார். பதினோரு மாதம். கீழே இன்னொரு வரி: பன்னிரண்டு பேனல்களிலும் கன்ட்ரோலர்களைக் கழற்றி, அடியில் இருபதாவது கோட் அடித்து, திரும்ப மாட்டுவது இவரது பொறுப்பு. உயர் அழுத்தம் என்று பெயின்டர்கள் கை வைக்க மறுத்துவிட்டதால், கழற்றத் தெரிந்தவனே அடித்துவிடட்டும் என்று முடிவானது.

பெயின்ட் டின்னும் பிரஷும் கொடுத்தார்கள். பேனல்கள் ஒவ்வொன்றையும் திறக்க உத்தரவு கொடுத்தார்கள். தனியாக வேலை செய்யவும் விட்டார்கள். தினமும் ஒரு பேனல். ஆபரேட்டரம்மா மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுவாள்; அவன் கழற்றுவான், ஒரு கோட் அடிப்பான், காய விடுவான். அப்புறம் அவள் சாப்பிட உட்காருவாள், முதுகைக் காட்டிக்கொண்டு. அவன் கத்தியை எடுப்பான். பேனலுக்கு நாலு. பன்னிரண்டாம் நாள் முடிவில் நாற்பத்தெட்டு.

நகரத்தில் எல்லாத் தெருவிலும் தண்ணீர் வந்தது. பரப்புப் பாதுகாப்பு அதிகாரிக்குத் தங்க முலாம் பூசிய கேடயம் கிடைத்தது. "ஒரு பட்டன் அளவுகூட விட்டுவைக்காம அடிச்சிருக்கோம்," என்று விழாவில் அவர் பேசியபோது ஆபரேட்டரம்மா இருமிக்கொண்டே வெளியே போய்விட்டாள். போட்டோ எடுத்தார்கள். ஓரத்தில் கையில் பிரஷோடு டெம்பரவரியும் பாதி விழுந்திருந்தான். இந்த நாட்டில் அவன் விழுந்த ஒரே படம் என்பதால் அக்காவுக்கு அனுப்பிவைத்தான்.

மறுநாள் போனில் அக்காவின் குரல் செய்தி வந்தது.

"ஏன்டா, நீ பெயின்டராடா? கரன்ட் வேலை, பெரிய பேனல் வேலைன்னு சொன்னியேடா! அம்மா போட்டோவை எல்லார்கிட்டயும் காட்டிட்டா. கேக்கறவங்களுக்கு நான் என்ன சொல்ல? சரி விடு, வேலைன்னு ஒண்ணு இருக்கே, அது போதும். ஆனா பெயின்ட் வாசம் உனக்கு ஒத்துக்காதேடா, சின்ன வயசுலேர்ந்து மூச்சு வாங்குமே. பாத்துக்கறியா இல்லையா?"

அவன் கையெல்லாம் பச்சை. விரலால் தட்ட முடியாது என்று, பதிலைப் போனிடம் வாயாலேயே சொன்னான். அது எழுத்தாக்கிக்கொண்டே போனது. கன்ட்ரோலர், இரைச்சல், நாலு இடம், நாற்பத்தெட்டு இடம், சுவருக்குள் தண்ணீர் ஏறின சத்தம், யாரோ கைதட்டினது எல்லாம் சொன்னான். பத்து மாதமாகப் பேசாததை எல்லாம் ஒரே மூச்சில் பேசி முடித்துவிட்டுப் பார்த்தால், திரை நிறைய எழுத்து. அக்கா இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவாள். அம்மா பெருமை தாங்காமல் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பச் சொல்லுவாள். அது ஒரு சுற்று சுற்றி எந்த வழியாகவாவது வாரியத்துக்கு வந்து சேரும். நாற்பத்தெட்டு இடத்திலும் மறுபடி பெயின்ட் ஏறும்.

எல்லாவற்றையும் அழித்தான். தொண்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"ஆமாக்கா. பெயின்ட் வேலைதான். ஜன்னலைத் திறந்து வச்சுட்டுத்தான் அடிக்கறேன்."